புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்டால்: வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்காக வீட்டார் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

இந்தக் கையேட்டின் மற்றப் பகுதிகள் திரும்பி வந்தவர்களுக்கானவை: காணி, அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, பாடசாலை அனுமதி. இந்தப் பகுதி திரும்பி வராத ஒருவரைப் பற்றியது.

1977இலும் 1983இலும் மாத்தளை நகரத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கிருந்து கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போன குடும்பங்கள் பல. அப்பா அம்மா உக்குவளைக்கோ இரத்தோட்டைக்கோ திரும்பியிருப்பார்கள். ஒரு மகனோ மகளோ லண்டனிலோ பாரிஸிலோ டொரொன்டோவிலோ அகதி அந்தஸ்துக் கேட்டு நிற்பார். ஒருநாள் தொலைபேசி வரும்: "அம்மா, என் கேஸை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

அந்தக் கேஸ் போரின் காரணமாகப் போட்டதாக இருந்தால் வீட்டாருக்கு அது புதிதல்ல. ஆனால் சில பிள்ளைகளின் கேஸ் வேறு. தான் ஓர் ஆணாக இருந்து ஆணையே விரும்புபவர், அல்லது பெண்ணாக இருந்து பெண்ணையே விரும்புபவர், அதனால் ஊரில் தனக்கு ஆபத்து என்பதே அவர் சொன்ன காரணம். வீட்டார் இதை முதன்முதலாகக் கேள்விப்படுவதே கேஸ் மறுக்கப்பட்ட அன்றாக இருக்கலாம். ஒரே தொலைபேசி அழைப்பில் இரண்டு செய்தி. முதலாவது செய்தியை ஏற்றுக்கொள்ள உங்களுக்குக் காலம் தேவைப்படலாம், அது இயல்பு. இரண்டாவது செய்திக்குக் காலம் கிடையாது. அதற்கு நாள் எண்ணப்படுகிறது.

ஒரு சொல் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதியில் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஊரில் வழங்கும் சொற்கள் பெரும்பாலும் ஏச்சுச் சொற்கள். அதனால்தான் பல பிள்ளைகள் வெளிநாட்டு அதிகாரியின் முன்னால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது, வாயடைத்துப் போகிறார்கள். தன்னைக் குறிக்க அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லே தன்னை இழிவுபடுத்தும் சொல்லாக இருக்கும். மொழிபெயர்ப்பாளரும் நம் சமூகத்தவர். கதை வெளியே போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். நேர்காணலில் பிள்ளை தெளிவாகப் பேசவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் இது இருக்கலாம். வேறு மொழிபெயர்ப்பாளரை, ஆணோ பெண்ணோ தனக்கு வசதியான ஒருவரை, மேன்முறையீட்டில் கேட்க முடியும்.

கடிதத்தில் உள்ள திகதி

பிள்ளையிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "ஏன் இப்படி?" என்பதல்ல. "கடிதத்தில் என்ன திகதி போட்டிருக்கிறது? லோயரைப் பார்த்தாயா?" என்பதுதான்.

பிரித்தானியாவுக்குள் இருந்து மேன்முறையீடு செய்பவருக்கு முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்கள் உண்டு. கனடாவில் எழுத்து மூலமான காரணங்கள் கையில் கிடைத்ததிலிருந்து 15 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிரான்ஸில் ஒரு மாதம். ஜெர்மனியில் சாதாரணமாக இரண்டு வாரம். 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' என்று மறுத்திருந்தால் ஒரு வாரம் மட்டுமே. அவுஸ்திரேலியாவில் 28 நாட்கள். இந்தக் கணக்குகள் மாறக்கூடியவை. கடிதத்தில் அச்சிட்டிருக்கும் நாளே செல்லும். நாள் தவறிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தைக் காட்டி அனுமதி கேட்கலாம். ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

இனி இந்தப் பகுதியில் பெரும்பாலும் பிரித்தானியாவைப் பற்றியே பேசுகிறோம். இலங்கைத் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி அங்கேதான் ஒரு தீர்ப்பாயம் முழுமையாக ஆராய்ந்து வழிகாட்டித் தீர்ப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

அங்கே மேன்முறையீடு முதலில் போவது முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு. அதன் நீதிபதி, கோரிக்கையை மறுத்த ஹோம் ஒபிஸைச் சேர்ந்தவர் அல்ல. அவர் முழு விடயத்தையும் புதிதாகப் பார்ப்பார், பிள்ளையை நேரில் கேட்பார். அங்கேயும் தோற்றால் மேல்நிலைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் கீழே உள்ள நீதிபதி சட்டத்தில் பிழை விட்டார் என்று காட்டினால் மட்டுமே அதற்குப் போகலாம். அதனால், வீட்டிலிருந்து போக வேண்டிய கடிதமும் ஆவணமும் முதல் மேன்முறையீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். 'பிறகு பார்ப்போம்' என்று வைத்திருப்பதைப் பிறகு யாரும் பார்க்கமாட்டார்கள்.

நேரில் விசாரிக்கும் மேன்முறையீட்டுக்குக் கட்டணம் 140 பவுண்; சட்ட உதவியோ அகதிகளுக்கான அரச உதவிப்பணமோ பெறுபவருக்கு அது இல்லை. புகலிட வழக்குகளுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி இருக்கிறது. வருமானம் குறைவாகவும் வழக்கில் ஓரளவு நியாயம் தென்படுவதாகவும் இருக்க வேண்டும். ரெயின்போ மைக்ரேஷன் என்ற நிறுவனம் தன்பாலீர்ப்பாளரின் புகலிட வழக்குகளுக்கென்றே லண்டனில் பல காலமாக வேலை செய்கிறது. ஊரிலிருந்து கடன்பட்டுக் காசு அனுப்புவதற்கு முன் இவற்றை விசாரிக்கச் சொல்லுங்கள். நகை அடகு வைத்து அனுப்பிய காசு, பதிவில்லாத 'ஆலோசகர்' ஒருவரின் கைக்குப் போவது நடக்கிற காரியம்.

ஏன் மறுத்தார்கள்?

மறுப்புக் கடிதம் நீளமாக இருக்கும். சாரம் இரண்டில் ஒன்றாக இருக்கும். 'நீர் சொல்லும் ஆள் நீர் என்று நாம் நம்பவில்லை' என்பது ஒன்று. 'நம்புகிறோம், ஆனால் இலங்கையில் உமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை' என்பது மற்றது. வீட்டார் கொடுக்கக்கூடிய உதவி இரண்டுக்கும் வேறு வேறு. கடிதத்தில் எது என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

நம்பவில்லை என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணங்களை நம் குடும்பங்கள் கேட்டால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். 'முதலில் போரைப் பற்றிச் சொன்னீர், இதைப் பிறகுதான் சொன்னீர்.' 'உமக்குக் கலியாணம் நடந்திருக்கிறது.' தோட்டத்து லயத்தில் பத்துப் பேர் ஒரே அறையில் வளர்ந்த ஒருவர், தன் தாயிடமே சொல்லாத ஒன்றை விமான நிலையத்தில் ஓர் அதிகாரியிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பர் 2 அன்று சொன்ன தீர்ப்பொன்று இதை நேரடியாகத் தொட்டது: முதல் சந்தர்ப்பத்தில் சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பொய்யர் எனக் கொள்ள முடியாது. உடலுறவு பற்றிய அந்தரங்கக் கேள்விகளும் கூடாது, அந்தரங்கப் படங்களை ஆதாரமாகக் கேட்கவோ ஏற்கவோ கூடாது என்றும் அது சொன்னது. கலியாணம் கட்டியவர், பிள்ளை பெற்றவர் என்பதாலேயே தன்பாலீர்ப்பாளர் அல்ல என்று முடிவெடுக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகவரகம் 2012 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது.

2022 ஜூன் 28க்குப் பின் பிரித்தானியாவில் கோரிக்கை போட்டவர்களுக்குச் சட்டம் சற்று இறுகியிருக்கிறது. தான் இன்னார் என்பதையும் தனக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது என்பதையும், 'இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதலாகப் பொருந்துகிறது' என்ற அளவுக்கு நிறுவ வேண்டும். முன்பு இதைவிடக் குறைந்த அளவே போதும். ஆகவே வீட்டார் சொல்லும் சாட்சியத்துக்கு இப்போது எடை கூடியிருக்கிறது.

'இலங்கையில் அவ்வளவு ஆபத்து இல்லை'

இரண்டாவது வகை மறுப்பை விளங்கிக்கொள்ள நம் நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்குகிறது. 10 வருடம் வரை சிறை. 365அ பிரிவு 'பாரதூரமான இழிசெயல்' என்பதைக் குற்றமாக்குகிறது. 2 வருடம் வரை. முன்பு 365அ ஆண்களுக்கு மட்டும் பொருந்தியது. 1995இல் செய்த திருத்தத்தில் 'ஆண்' என்ற சொல்லுக்குப் பதில் 'ஆள்' என்று போட்டார்கள். அதனால் பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். இங்கிலாந்திலே அந்தச் சட்டம் எப்போதோ போய்விட்டது. கொடுத்துவிட்டுப் போனவர்களின் நாட்டில் இல்லாத சட்டத்துக்குப் பயந்து அந்த நாட்டிடமே நம் பிள்ளைகள் அடைக்கலம் கேட்கிறார்கள்.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பதும் அதன்படி ஆட்களைச் சிறைக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. 2016 நவம்பரில் எமது உயர் நீதிமன்றம், இரண்டு ஆண்கள் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில், குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வளர்ந்தவர்கள் விருப்பத்தோடு செய்ததற்குச் சிறை பொருத்தமில்லை என்று தண்டனையை ஒத்திவைத்தது. 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளை மாற்றுவதற்குத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறவில்லை, 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பிரிவுகள் அப்படியே நின்றன.

இந்தப் பின்னணியில்தான் பிரித்தானியாவின் மேல்நிலைத் தீர்ப்பாயம் 2015இல் இரண்டு இலங்கையரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் அவர்களின் பெயர் இல்லை, எல்.எச்., ஐ.பி. என்ற முதலெழுத்துக்கள் மட்டுமே. இதையும் வீட்டார் கவனிக்க வேண்டும்: பெயரை மறைக்கும்படி கேட்கலாம், கேஸில் சொன்னது இலங்கைத் தூதரகத்துக்குப் போவதில்லை.

அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான். இலங்கையில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை சொல்லும் 'குறித்த சமூகக் குழு' ஒன்றைச் சேர்ந்தவர்கள். ஆனால் பொதுவாக அவர்கள் நடத்தப்படும் விதம் 'துன்புறுத்தல்' என்ற அளவுக்குப் போவதில்லை. கொழும்பில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். சொந்த ஊரில் ஆபத்து இருந்தால்கூட, கொழும்புக்குப் போய்க் குடியேறும் வழி இருக்கலாம்.

மறுப்புக் கடிதங்களில் ஹோம் ஒபிஸ் எடுத்துக்காட்டுவது இவ்வளவுதான். தீர்ப்பில் இன்னும் இருக்கிறது. கிராமப்புறத்தில், மணமாகாத பெண்கள்மீது குடும்பம் செலுத்தும் கட்டுப்பாடு காரணமாக, பெண்களை விரும்பும் பெண்களுக்கு ஆபத்துக் கூடுதல் என்று அது ஏற்றுக்கொண்டது. நகரங்களில் திருநங்கைகளுக்கும் பாலியல் தொழில் செய்வோருக்கும் அவ்வாறே. குறித்த ஓர் ஆளுக்கு உள்ள ஆபத்து அந்த அளவைத் தொடுகிறதா, அது ஊருக்கு வெளியேயும் தொடருமா என்பது அந்த ஆளின் விடயங்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டியது என்றும் சொன்னது. 'பொதுவாக' என்ற அந்தச் சொல்லைத் தாண்டி ஒரு வழக்கு வெல்வதென்றால், இந்தப் பிள்ளை, இந்தக் குடும்பம், இந்த ஊர் என்ற விவரம் இருக்க வேண்டும். அந்த விவரம் லண்டனில் கிடையாது. உங்களிடம் இருக்கிறது.

2015க்குப் பிறகு வந்த ஒன்றையும் லோயருக்கு நினைவூட்டச் சொல்லுங்கள். கொழும்பில் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கிய ரோசானா ஃபிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டின்மேல், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் முடிவு சொன்னது. பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருப்பதன் மூலம் இலங்கை அவரது உரிமைகளை மீறியிருக்கிறது என்றது. ஒரு மகளின் கேஸுக்கு இது மிகவும் உதவும். 2023 உயர் நீதிமன்றத் தீர்மானத்தை எதிர்த்தரப்பும் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

'அடங்கி ஒடுங்கி இருந்துவிடுவான்' என்று எழுதாதீர்கள்

எங்கள் கருத்தில் இந்தப் பகுதியிலேயே முக்கியமான விடயம் இதுதான். நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு கடிதம் கேஸைக் கெடுத்துவிடக்கூடிய இடம் இது.

2010 ஜூலை 7 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஈரானைச் சேர்ந்த ஒருவரும் கமரூனைச் சேர்ந்த ஒருவரும் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பு, 'ஊருக்குப் போய் மறைத்துக்கொண்டு வாழலாம்தானே, அது தாங்கக்கூடியதுதானே' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உச்ச நீதிமன்றம் அந்த வழியை மூடியது. இனி நீதிபதி கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு வரிசையில் இருக்கின்றன. இவர் உண்மையில் தன்பாலீர்ப்பாளரா? அந்த நாட்டில் வெளிப்படையாக வாழ்பவருக்குத் துன்புறுத்தல் உண்டா? இவர் திரும்பினால் எப்படி வாழ்வார்? மறைத்து வாழ்வார் என்றால், ஏன்?

கடைசி 'ஏன்' தான் குடும்பத்தோடு சம்பந்தப்பட்டது. அடி, உதை, பொலிஸ், கொலை என்ற பயத்தால் மறைப்பார் என்றால், அவருக்குப் பாதுகாப்புக் கிடைக்க வேண்டும். தாய் தகப்பன் மனம் நோகக்கூடாது, ஊரில் தலைகுனிவு வரக்கூடாது என்பதற்காக மட்டுமே மறைப்பார் என்றால், கிடைக்காது.

இப்போது ஒரு தாய் எழுதும் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். "என் மகன் நல்ல பிள்ளை. எங்கள் மானத்தைக் காப்பாற்றுவான். வந்தால் யாருக்கும் தெரியாமல் அடக்கமாக இருப்பான். எப்படியாவது அவனைக் காப்பாற்றுங்கள்." அன்பு தவிர வேறெதுவும் இல்லாத கடிதம். நீதிபதி அதை வாசித்தால், 'இவர் மறைப்பது குடும்ப மரியாதைக்காக, பயத்துக்காக அல்ல' என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. நம் ஊரில் மானமும் பயமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மானம் போனது என்று ஒரு குடும்பம் நினைத்தால் அடுத்தது என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்: அறையில் பூட்டி வைப்பார்களா, வலுக்கட்டாயமாகக் கலியாணம் செய்து வைப்பார்களா, தகப்பனோ மாமாவோ கைநீட்டுவார்களா, தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து அடிப்பார்களா, பொலிஸ் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுமா அல்லது பிள்ளையையே பிடித்து வைக்குமா? தலைகுனிவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையில் எது இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்றால், கடிதமே வேண்டாம்.

வீட்டுக் கடிதம்

நீதிமன்றம் வீடியோவில் உங்களை நேரடியாகக் கேட்குமா என்று சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வாய்ச் சாட்சியம் சொல்வதற்கு அந்த நாட்டின் ஆட்சேபனையில்லை என்பது தெரிய வேண்டும் என்று அங்குள்ள மேல்நிலைத் தீர்ப்பாயம் 2021இல் சொன்னது. அதனால் அது நாட்கள் எடுக்கும், சிக்கலானது. எழுத்து மூல வாக்குமூலத்துக்கு அந்த அனுமதி வேண்டாம்.

உங்களுக்கு வசதியான மொழியில், உங்கள் சொந்தப் பேச்சில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, வேறொருவர் எழுதலாம். எழுதியவர் யார் என்பதையும் அடியில் குறிக்க வேண்டும். நீங்கள் யார், பிள்ளைக்கு என்ன முறை, எங்கே இருக்கிறீர்கள், என்ன கண்டீர்கள், எந்த வருடம், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள். காதால் கேட்டதைக் கேட்டது என்றே எழுதுங்கள். திகதி நினைவில்லை என்றால் 'அந்த வருடத் தேர்த் திருவிழாவுக்குப் பிறகு' என்று எழுதலாம். கற்பனைத் திகதி போட வேண்டாம். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் எந்த மாதம் என்பதை லோயர் தேடிக்கொள்வார். பிள்ளை தன் வாக்குமூலத்தில் சொன்னதை முன்கூட்டியே வாங்கி வாசித்து அதைப் பார்த்து எழுதாதீர்கள். இரண்டு பேரும் ஒரே வசனத்தில் சொன்னால் சந்தேகம்தான் வரும்; சிறு வேறுபாடுகள் இருப்பது இயல்பு.

அடையாள அட்டைப் பிரதி இணைத்து, கையொப்பமிட்டு, தபால் உறையோடு அனுப்புங்கள். முடிந்தால் சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக்கடதாசியாகச் செய்யலாம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஊரிலுள்ள சமாதான நீதவானோ கிராம உத்தியோகத்தரோ அதை வாசிப்பார். 'மகன் இன்னார்' என்று அவரிடம் உறுதிப்படுத்தக் கேட்பது, ஊருக்கே சொல்வதற்குச் சமம். கோயில் தலைவரிடமோ தோட்டத் தலைவரிடமோ 'ஒரு கடிதம் தாருங்கள்' என்று போவதும் அப்படியே. தூர நகரத்தில் தெரியாத ஒரு சட்டத்தரணியிடம் செய்வது நல்லது. அதற்கும் முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள்: "இதை யாரிடமெல்லாம் நான் சொல்லலாம்?" அவர் 'அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்' என்றால், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அவர் சொல்லாத ஒருவருக்கு நீங்கள் சொல்வது, அவர் திரும்பி வர நேர்ந்தால் அவரையே சுடும்.

கொழும்புக் கேள்விக்குப் பதில் தருவது பெரும்பாலும் வீட்டுக் கடிதம்தான். லண்டன் நீதிபதிக்குக் கொழும்பு ஒரு பெரிய நகரம், யாரையும் யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்: தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை, ஒரே தோட்டத்தார் ஒரே தெருவில் அறை எடுத்துத் தங்குவார்கள், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது எல்லாக் கதையும் கூடவே வரும். மாமா புறக்கோட்டையில் வேலை செய்கிறார், மச்சான் வத்தளையில் இருக்கிறார் என்றால் அதை எழுதுங்கள். பிள்ளையைத் தேடி யாரும் முன்பு கொழும்புக்குப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படி யாரும் இல்லை, அங்கே தனியாக வாழ முடியும் என்பதுதான் உண்மை என்றால், அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எதிர்த்தரப்பு முகநூலில் உங்கள் உறவினர்களைத் தேடிப் பார்க்கும்.

பயமுறுத்திய செய்திகள் வட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காதீர்கள். படம் பிடித்து அனுப்புவதோடு, அந்தத் தொலைபேசியையும் வைத்திருங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதியைக் கேட்டுப் பெறலாம். செய்யாத முறைப்பாட்டுக்குத் தாள் தேடக் கூடாது. காசுக்குப் பிடியாணை அடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் மாத்தளையிலும் இருப்பார், கண்டியிலும் இருப்பார். ஆவணம் நம்பத்தக்கது என்று காட்டும் பொறுப்பு அதைக் கொடுப்பவருடையது என்று பிரித்தானியத் தீர்ப்பாயம் 2002லிருந்தே சொல்லி வருகிறது. ஒரு பொய்த்தாள், உண்மையான பத்துத் தாள்களையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

ஆபத்து வந்ததே வீட்டாரிடமிருந்து என்றால்? எழுதுவதற்கு இது மிகவும் கடினமான கடிதம். "எனக்குத் தெரியவந்தபோது நான் அவனை அடித்தேன், வந்தால் வெட்டுவேன் என்று சொன்னேன்" என்று ஒரு தகப்பன் எழுதுவது இலேசல்ல. அப்படி எழுத முன்வரும் தகப்பனின் ஒரு பக்கத்துக்கு, பிள்ளையின் நண்பர்கள் எழுதும் பத்துப் பக்கத்தைவிட மதிப்பு உண்டு. எழுத அவர் விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். பார்த்திருந்த அக்காவோ சித்தியோ, தங்கள் பாதுகாப்புக்குப் பங்கம் இல்லாவிட்டால், எழுதலாம்.

இதற்கிடையில், 'ஒரு கலியாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகும்' என்று பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ தொடங்காதீர்கள். பேச்சுக்கால் நடந்த படம் முகநூலில் வந்தால் கேஸுக்குக் கேடு. பேச்சை முடித்த இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள்

இந்தியா 1951 உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு. அங்குள்ள முகாமில் (2021 முதல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர்) இருப்பவருக்கு, மேலே சொன்ன மாதிரி ஆளாளாக விசாரித்து மறுப்பதும் மேன்முறையீடு செய்வதும் இல்லை. தன்பாலீர்ப்பு உறவை 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் குற்றமல்ல என்றது. ஆகவே முகாமிலிருந்து குடும்பத்தோடு இலங்கைக்குத் திரும்பும் ஒருவர், அது குற்றமல்லாத நாட்டிலிருந்து அது புத்தகத்தில் குற்றமாக உள்ள நாட்டுக்கு வருகிறார். விருப்பத்தோடு திரும்பும் படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன், அவரைத் தனியாக, குடும்பத்தார் இல்லாமல், அகதிகள் முகவரக அலுவலரோடு பேச விடுங்கள்.

எல்லாம் மறுக்கப்பட்ட பிறகு

மேன்முறையீடுகள் முடிந்தாலும், முன்பு கொடுக்காத புதிய ஆதாரம் கிடைத்தால் பிரித்தானியாவில் புதிய சமர்ப்பணம் கொடுக்க முடியும். பழையதையே திரும்பக் கொடுத்தால் பார்க்கமாட்டார்கள். தானாகத் திரும்புவதற்கான தாளில் பிள்ளை ஒப்பமிட்டால், நிற்கும் மேன்முறையீடு அத்தோடு முடிந்துபோகலாம். லோயரைக் கேட்காமல் ஒப்பமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டார் "வந்துவிடு, எல்லாம் சமாளிக்கலாம்" என்று இரவில் அழுது பேசுவதால் அவசரப்பட்டு ஒப்பமிடுகிறவர்கள் உண்டு.

திரும்பி வர நேர்ந்தால், வரும் திகதியை ஊரில் பரப்ப வேண்டாம். விமான நிலையத்துக்கு வான் நிறைய ஆட்கள் போக வேண்டாம். பிள்ளை நம்பும் ஒருவர் போதும். முதல் சில வாரங்கள் ஊரில் தங்குவதா, வேறெங்காவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். யாராவது அடித்தால், மிரட்டினால், பொலிஸ் தடுத்து வைத்தால், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அதன் பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. மகளானால் பெண்களுக்கான 1938 இலக்கமும் உண்டு. மனம் உடைந்து தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் 1926இல் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். இந்த இலக்கம் பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

எமது அலுவலகத்துக்கு வந்து இதைப் பற்றிப் பேச விரும்பினால், வரவேற்பில் காரணம் சொல்லத் தேவையில்லை. "கடிதம் ஒன்று வாசிக்க வேண்டும்" என்று சொன்னால் போதும். தனி அறையில் ஒருவர் உங்களோடு இருப்பார். மறுப்புக் கடிதத்தின் பிரதி தொலைபேசியில் இருந்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கொண்டுவாருங்கள். திகதி அவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.